உரையாசிரியர் பெயர் எங்கே? மரபணுத்தொகுதி உரைக்கோப்புகளும் அவற்றைப் படிக்கும் நிரல் நூலகங்களும்

ஆய்வுச் சுருக்கம்

மரபணுத்தொகுதிகளுக்கு எழுதப்படும் உரைக்குறிப்புகள் ஜிஎஃப்எஃப்3 என்னும் கோப்பு வடிவில் வழங்குகின்றன. பைத்தான் மொழியின் நிரல் நூலகங்கள் அக்கோப்புகளைப் பகுத்துப் படித்து ஆய்வாளருக்கு அளிக்கின்றன. இவ்வாறு படிக்கும்போது எந்த மூலபாடத்திற்கு உரை எழுதப்பட்டது, யார் எழுதினார், எச்சான்றைக் கொண்டு எழுதினார் என்னும் செய்திகள் பின்தள்ளப்பட்டு, உரை மூலத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. நெல்லின் இரு உரைத்தொகுப்புகள், கல்லங்குறிச்சிப் பாறையடுக்கின் பெயர் வரலாறு, தமிழ் உரைமரபின் விதிகள் ஆகியன இதற்குக் களங்களாகின்றன. இத்திறனாய்வின் முடிவுகள் தமிழ்த் தரவகங்களின் வடிவமைப்புக்கும் பொருந்துவன என்பது நிறைவாக நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மரபணுத்தொகுதி, உரைக்குறிப்பு, ஜிஎஃப்எஃப்3, நிரல் நூலகம், பாடம், உரைமரபு, கல்லங்குறிச்சி, தரவகம்.

1. முன்னுரை

ஓர் உயிரியின் மரபணுத்தொகுதி வரிசைப்படுத்தப்பட்டுக் கைக்கு வரும்போது அது ஏ, சி, ஜி, டி என்னும் நான்கு எழுத்துகளால் ஆன நெடுந்தொடராக மட்டுமே இருக்கும். ஒரு மரபணு எங்குத் தொடங்குகிறது, எங்கு முடிகிறது, அதன் எந்தப் பகுதி புரதமாக மொழிபெயர்க்கப்படுகிறது என்பன அத்தொடரில் வெளிப்படையாகக் குறிக்கப்பட்டிருப்பதில்லை. சொற்பிரிப்பும் நிறுத்தக்குறியும் இல்லாத ஏட்டுச்சுவடியைப் போன்றதே அது. அதில் எல்லைகளை வகுத்து, பெயரிட்டு, பொருள் கூறிச் சேர்க்கப்படும் செய்திகளே உரைக்குறிப்புகள். தமிழில் இதற்குச் ‘சிறுகுறிப்பு’, ‘விளக்கக்குறிப்பு’ என்னும் சொற்கள் ஆளப்படுகின்றன. ஏற்கெனவே உள்ள ஒரு பொருளுக்கு ஒட்டப்பட்ட அடையாளச்சீட்டு என்னும் எண்ணத்தையே அச்சொற்கள் தருகின்றன. இங்கு நிகழ்வதோ எல்லை வகுத்தல், பொருள் காணல், சான்று காட்டல் ஆகிய மூன்றும் சேர்ந்த செயல். தமிழில் அச்செயலின் பெயர் உரை. ஆகவே இக்கட்டுரை ‘உரைக்குறிப்பு’ என்னும் சொல்லையே ஆள்கிறது.

இந்தச் சொல்தேர்வின் பின்னே ஒரு நடைமுறைச் சிக்கல் உள்ளது. தாவரவியல், உயிர்த்தொழில்நுட்பம், உயிர்த்தகவலியல் பயிலும் மாணவர் ஒருவர் இன்று உரைக்கோப்பைத் தரவிறக்கி, சில வரி நிரல் எழுதி, சில நிமிடங்களில் மரபணுப் பட்டியலைப் பெற்றுவிடுகிறார். அப்பட்டியல் ஆய்வேட்டில் ‘தரவு’ என்னும் தலைப்பின்கீழ் இடம்பெறுகிறது. அது ஒருவர் எழுதிய உரை என்பதும், வேறொருவர் அதே மூலத்திற்கு வேறுவகையாக உரை எழுதியிருக்கலாம் என்பதும் அத்தலைப்பில் மறைந்துபோகின்றன. இம்மறைவில் கோப்பு வடிவத்திற்கு எவ்வளவு பங்கு, நிரல் நூலகத்திற்கு எவ்வளவு பங்கு, பயன்படுத்துவோருக்கு எவ்வளவு பங்கு என்பதைப் பிரித்தறிவதே இத்திறனாய்வின் நோக்கம்.

2. ஒன்பது நெடுவரிசைகள்

ஜிஎஃப்எஃப்3 கோப்பில் ஒவ்வொரு வரியும் ஒன்பது நெடுவரிசைகளைக் கொண்டது. முதலாவது மூலத்தொடரின் பெயர். பெரும்பாலும் ஒரு குரோமோசோமின் பெயராக இருக்கும். இரண்டாவது அந்த உரைக்குறிப்பை உருவாக்கிய நிரல் அல்லது திட்டத்தின் பெயர். மூன்றாவது குறிக்கப்படும் பொருளின் வகை: மரபணு, எம்ஆர்என்ஏ, எக்சான் முதலியன. நான்காவதும் ஐந்தாவதும் தொடக்க எண்ணும் முடிவெண்ணும். ஆறாவது மதிப்பெண். ஏழாவது எந்த இழையில் படிக்கவேண்டும் என்பதைக் காட்டும். எட்டாவது, புரதமாகும் பகுதியில் மும்மூன்று எழுத்துகளாகப் பிரிக்கும்போது முதலில் எத்தனை எழுத்தை விட்டுத் தொடங்கவேண்டும் என்பதைக் காட்டும். ஒன்பதாவது நெடுவரிசை அடையாளம், பெயர், தாய்க்கூறு, குறிப்பு எனப் பல பண்புகளை ஏற்கும் திறந்த களம்.

இவ்வடிவின் நுட்பம் பாராட்டத்தக்கது. ஓர் எக்சான் ஒன்றுக்கு மேற்பட்ட எம்ஆர்என்ஏக்களுக்கு உரியதாயின், தாய்க்கூறு என்னும் பண்பில் அவை அனைத்தையும் குறிக்கலாம். ஓரிடத்து நின்ற சொல் பல இடத்தும் சென்று பொருந்தும் தீவகத்தை அறிந்த தமிழ் வாசகருக்கு இது புதிதன்று. ஒரே தொடர்ப்பகுதிக்கு இருவேறு பிரிப்புகள் இருப்பின் இரண்டையும் அருகருகே பதியலாம். ‘வேங்கை’ என்பது ஒரு சொல்லாய் மரத்தையும், ‘வேம் கை’ எனப் பிரிந்து வேகின்ற கையையும் உணர்த்துவதைப் பொதுமொழி என்று நன்னூல் வகைப்படுத்தியது. ஒரு மரபணுவின் எக்சான்கள் வெவ்வேறு வகையாக இணைந்து வெவ்வேறு புரதங்களைத் தருவதும் இத்தகைய நிலையே. ஜிஎஃப்எஃப்3 அதற்கு இடம் தருகிறது.

இரண்டாம் நெடுவரிசையும் கவனத்திற்குரியது. உரையை எழுதியவர் யார் என்பதற்கு ஒவ்வொரு வரியிலும் தனியிடம் ஒதுக்கப்பட்டுள்ளது. மனித மரபணுத்தொகுதிக்கான ஜென்கோட் கோப்புகளில் இந்நெடுவரிசை ‘ஹவானா’, ‘என்செம்பிள்’ என்னும் இரு பெயர்களைக் காட்டும். முன்னது வல்லுநர் கையால் ஆராய்ந்து எழுதியது. பின்னது தானியங்கி முறையில் எழுதியது. இவ்விரண்டுக்கும் நம்பகத்தன்மையில் வேறுபாடு உண்டு. கோப்பு வடிவம் அவ்வேறுபாட்டைக் காத்துவைத்திருக்கிறது.

குறையும் ஒன்று உண்டு. எந்த மூலபாடத்திற்கு இவ்வுரை எழுதப்பட்டது என்பதைக் கூறும் தலைப்பு வரிகள் கட்டாயம் ஆக்கப்படவில்லை. வடிவத்தின் பதிப்பெண்ணைக் கூறும் முதல் வரி மட்டுமே கட்டாயம். நன்னூல் பொதுப்பாயிரம் உரையின் கூறுகளைப் பதினான்காக எண்ணும்போது ‘பாடம்’ என்பதை முதலில் வைத்தது. ‘ஆசிரிய வசனம்’ என்பதை இறுதியில் வைத்தது. எந்தப் பாடத்தைக் கொண்டேன் என்பதில் தொடங்கி, எந்தச் சான்றோர் கூற்றைத் துணையாகக் கொண்டேன் என்பதில் முடியும் ஒழுங்கு அது. ஜிஎஃப்எஃப்3 இரண்டாம் நெடுவரிசையில் உரையாசிரியரைக் காத்தது. பாடத்தையோ விருப்பத்திற்கு விட்டுவிட்டது.

3. ஒரு மூலம், இரண்டு உரை: நெல்

பாடத்தையும் உரையாசிரியரையும் மறப்பதன் விளைவை நெல்லின் மரபணுத்தொகுதியில் தெளிவாகக் காணலாம். பன்னாட்டு நெல் மரபணுத்தொகுதி வரிசைப்படுத்தல் திட்டம் ‘நிப்பான்பேர்’ என்னும் ஜப்பானிய நெல்வகையின் வரிசையை 2005இல் வெளியிட்டது. பதினோராம் குரோமோசோமின் ஒரு பகுதியை வரிசைப்படுத்தியதில் டெல்லிப் பல்கலைக்கழகத் தென்வளாகமும் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவன வளாகத்தில் இயங்கிய தேசியத் தாவர உயிர்த்தொழில்நுட்ப மையமும் பங்குகொண்டன. இம்மூலத்திற்கு இரண்டு உரைத்தொகுப்புகள் எழுந்தன. ஒன்று ஜப்பானை மையமாகக் கொண்ட ராப் தரவுத்தளம். மற்றொன்று அமெரிக்காவில் டைகர் நிறுவனத்தில் தொடங்கி மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தொடர்ந்த தொகுப்பு; இது எம்எஸ்யூ எனச் சுருக்கமாக வழங்கும். தொடக்கத்தில் இரண்டும் வெவ்வேறாகத் தொகுக்கப்பட்ட மூலபாடங்களைக் கொண்டிருந்ததால் ஒன்றின் எண் மற்றதற்குப் பொருந்தவில்லை. 2013இல் வெளியான ஐஆர்ஜிஎஸ்பி-1.0 என்னும் பொதுப்பாடத்தை இருவரும் ஏற்றுக்கொண்டபின் மூலம் ஒன்றாயிற்று; உரைகள் இரண்டாகவே தொடர்ந்தன.

முதல் குரோமோசோமின் தொடக்கத்தில் உள்ள மரபணுவை எடுத்துக்கொள்ளலாம். ராப் அதனை ‘ஓஎஸ்01ஜி0100100’ என்று அழைத்து, 2983ஆம் எழுத்தில் தொடங்கி 10815ஆம் எழுத்தில் முடிவதாகக் குறிக்கிறது. எம்எஸ்யூ அதனை ‘எல்ஓசி_ஓஎஸ்01ஜி01010’ என்று அழைத்து, 2903இல் தொடங்கி 10817இல் முடிவதாகக் குறிக்கிறது. முன்னதன் நீளம் 7833 எழுத்து. பின்னதன் நீளம் 7915 எழுத்து. டிபிசி என்னும் கூறு கொண்ட புரதத்தை இம்மரபணு தருகிறது என்பதில் இருவரும் உடன்படுகின்றனர். தொடக்கத்தில் 80 எழுத்தும் முடிவில் 2 எழுத்தும் வேறுபடுகின்றன. மரபணுவின் தொடக்கத்திற்கு முன்னுள்ள ஊக்கிப் பகுதியை ஆராயும் மாணவருக்கு இந்த 80 எழுத்து சிறிய வேறுபாடன்று. அவர் எந்த உரையைப் பின்பற்றினாரோ அதற்கேற்ப அவர் ஆராயும் பகுதியே இடம் பெயர்ந்துவிடுகிறது.

எண்ணிக்கையில் வேறுபாடு இன்னும் பெரிது. 2005ஆம் ஆண்டு வெளியீடு, இடம்பெயர் கூறுகளைச் சாராத மரபணுக்கள் 37,544 என்றது. எம்எஸ்யூவின் ஏழாம் வெளியீடு 55,986 மரபணு இடங்களைப் பட்டியலிடுகிறது. அவற்றுள் 16,941 இடம்பெயர் கூறுகளைச் சார்ந்தவை. எஞ்சிய 39,045 மட்டுமே அவற்றைச் சாராதவை. ஆனால் கோப்பின் மூன்றாம் நெடுவரிசையில் இருதிறத்தனவும் ‘மரபணு’ என்றே நிற்கின்றன. அவ்வகை வரிகளை மட்டும் எண்ணும் நிரல் 55,986 என்னும் விடையைத் தரும். நிரலில் பிழை இல்லை. கோப்பிலும் பிழை இல்லை. ‘மரபணு’ என்னும் சொல்லை அவ்வுரையாசிரியர் எப்பொருளில் ஆண்டார் என்பதைக் கேளாமல் எண்ணியதே பிழை.

தமிழ் உரைமரபில் இதற்கு நேரான நிலை உண்டு. தொல்காப்பிய நூற்பாக்களின் எண்ணிக்கை உரையாசிரியர்தோறும் வேறுபடுகிறது. ஒருவர் ஒரு நூற்பாவாகக் கொண்டதை மற்றொருவர் இரண்டாகப் பிரித்தார். அதனால் ‘தொல்காப்பியத்தில் இத்தனை நூற்பா’ என்று எழுதும் ஆய்வாளர் யார் உரைப்படி என்பதையும் சேர்த்து எழுதுகிறார். எழுதாவிடின் நெறியாளர் கேட்கிறார். ‘நெல்லில் இத்தனை மரபணு’ என்று எழுதுவோரிடமும் அக்கேள்வி கேட்கப்படவேண்டும்.

4. பாடத்தில் இல்லாத செய்யுள்

திருக்குறளுக்கு இன்று வழங்கும் 1 முதல் 1330 வரையிலான எண்கள் பரிமேலழகர் கொண்ட வைப்புமுறையைத் தழுவியவை. மணக்குடவர் உரையில் ஓர் அதிகாரத்தினுள் குறள்கள் நிற்கும் முறை பல இடங்களில் வேறுபடும். எனவே குறள் எண் என்பதும் ஒரு பாடத்தைச் சார்ந்த முகவரியே. மரபணுத்தொகுதியில் தொடக்க எண்ணும் முடிவெண்ணும் அத்தகையனவே. மூலபாடம் திருத்தி வெளியிடப்படும்போது இடையில் சில எழுத்துகள் சேர்ந்தாலும் நீங்கினாலும், அதன்பின் வரும் எல்லா முகவரிகளும் நகர்ந்துவிடும். பழைய எண்ணைப் புதிய எண்ணாக மாற்றும் கருவிகள் உள்ளன. எந்தப் பழைய பாடம் என்பது தெரியாதவிடத்து அக்கருவிகளால் பயனில்லை.

இதனினும் ஆழமான சிக்கல் ஒன்றுண்டு. பாடத்தில் இல்லாத செய்யுளுக்கு உரை இருக்காது. வெள்ளத்தில் மூழ்கினாலும் நெற்பயிர் தாங்கி நிற்க உதவும் சப்1ஏ என்னும் மரபணு 2006இல் அறிவிக்கப்பட்டது. ஒடிசாவைச் சேர்ந்த மரபுவகையிலிருந்து தேர்ந்த எஃப்ஆர்13ஏ அதன் மூலம். அம்மரபணு நிப்பான்பேர் வகையில் இல்லை. குறைந்த மணிச்சத்து உள்ள மண்ணில் பயிர் செழிக்க உதவும் பிஎஸ்டிஓஎல்1 என்னும் மரபணுவும் அவ்வாறே அவ்வகையில் இல்லை. 2012இல் அது காசலத் என்னும் மரபுவகையிலிருந்து விளக்கப்பட்டது. தமிழ்நாட்டில் பயிரிடப்படும் சிஆர்1009 சப்1 என்னும் நெல்லின் சிறப்பே சப்1ஏ. அரியலூர் மாவட்டத்தின் கொள்ளிடக் கரையோர வயல்களைப் போன்ற இடங்களில் வெள்ளம் தாங்கும் நெல்லை ஆராய விரும்பும் மாணவர், நிப்பான்பேர் உரைக்கோப்பை நிரலால் தேடினால் அம்மரபணுவைக் காணமாட்டார். ‘நெல்லில் இல்லை’ என்பது அத்தேடலின் பொருளன்று. ‘இப்பாடத்தில் இல்லை’ என்பதே பொருள். நிரல் தரும் வெற்றுப் பட்டியல் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவதில்லை.

5. பெயரும் அடையாளமும்: கல்லங்குறிச்சி

பாடத்தைப் போலவே பெயரும் உரையைச் சார்ந்தது. இதனைப் புலப்படுத்த உயிரியலுக்கு வெளியே, அரியலூர் மாவட்டத்திலேயே ஒரு சான்று கிடைக்கிறது. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சி, கலியுக வரதராசப் பெருமாள் கோயிலால் அறியப்படும் ஊர். நிலவியலாருக்கு அதே பெயர் கிரிட்டேசியக் கால இறுதியைச் சேர்ந்த, ஏறத்தாழ 7 கோடி ஆண்டுப் பழமையுடைய சுண்ணாம்புப் பாறையடுக்கின் பெயர். சிப்பிகளின் புதைபடிவங்கள் செறிந்த அடுக்கு அது. சிமெண்ட் தொழிலில் ஈடுபட்டோருக்கு அதே பெயர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தைக் குறிக்கும். பெயர் ஒன்று, பொருள் வகை மூன்று. மூன்றாம் நெடுவரிசையைப் படிக்காமல் பெயரை மட்டும் கொண்டு தேடுவோர் எதனை அடைவர் என்பதற்கு உறுதியில்லை.

உரோமன் எழுத்தில் இப்பெயர் மேலும் இடர் தருகிறது. நிலவியல் எழுத்துகளில் ஈற்றயல் சகர ஒற்று இரட்டித்தும் இரட்டிக்காமலும் எழுதப்படுகிறது. லகர ளகர வேறுபாடு அவ்வெழுத்தில் மறைந்துவிடுவதால், 2019இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியின் பெயருக்கும் இதற்கும் இடையே ஒரு மெல்லெழுத்தே எல்லையாக எஞ்சுகிறது. எழுத்துப்பிழையைத் தானே திருத்தும் நிரல் இரண்டையும் ஒன்றாக்கிவிடக்கூடும். மரபணுப் பெயர்களுக்கும் இது நேர்ந்தது. விரிதாள் மென்பொருள் சில மரபணுப் பெயர்களை ஆங்கில மாதப் பெயராகக் கருதித் தேதியாக மாற்றியது. விரிதாளில் மரபணுப் பட்டியலை இணைத்த ஆய்வுக்கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இத்தகைய பிழை உள்ளதாக 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. இறுதியில் 2020இல் மனித மரபணுப் பெயரிடல் குழு தன் பெயர்களையே மாற்றிக்கொண்டது. நிரலைத் திருத்த இயலாமல் பெயரைத் திருத்திய நிகழ்வு அது. ஜிஎஃப்எஃப்3 வடிவம் ‘அடையாளம்’, ‘பெயர்’ என்னும் இரண்டையும் வேறுவேறு பண்புகளாகப் பிரித்ததன் பொருத்தம் இங்கு விளங்கும். அடையாளம் கோப்பினுள் ஒன்றையே சுட்டவேண்டும்; பெயர் மனிதர் படிப்பதற்கு உரியது.

பாறையடுக்கின் வரலாறு உரைத்திருத்தத்திற்கும் சான்றாகிறது. ஹென்றி பிளான்ஃபோர்ட் 1860களில் இப்பகுதிப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா அவ்வகுப்பின்படியே புதைபடிவங்களை விவரித்தார். பின்வந்தோர் அரியலூர்த் தொகுதியைச் சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு என நுண்ணிதாகப் பிரித்தனர். ‘அரியலூர்’ என்று மட்டும் குறிக்கப்பட்ட பழைய மாதிரி ஒன்று இப்புதிய பிரிப்பில் எவ்வடுக்கைச் சாரும் என்பதை, எடுக்கப்பட்ட இடம் பற்றிய குறிப்பு இருந்தால்தான் கூறமுடியும். சுண்ணாம்புக்கல் வெட்டி எடுக்கப்பட்ட இடத்தில் மீண்டும் சென்று பார்க்க வழியில்லை. அங்குக் குறிப்பே எஞ்சிய சான்று. மரபணுத்தொகுதிக்கு அந்த இழப்பு இல்லை. மூலத்தொடர் எப்போதும் இருக்கும். உரையை மீண்டும் எழுதலாம். இருந்தும், எவ்வுரையைக் கொண்டு எம்முடிவு எட்டப்பட்டது என்பது பதியப்படாவிடின் முன்னோர் முடிவைச் சரிபார்க்கும் வழி அடைபடும்.

6. நிரல் நூலகம் எழுதும் உரை

கோப்பைப் பகுத்துப் படிக்கும் நூலகம் உள்ளதை உள்ளவாறே தருகிறது என்பது பொதுவான நம்பிக்கை. பயோபைத்தானோடு இணைந்து பயன்படும் பிசிபயோ-ஜிஎஃப்எஃப், தனித்தியங்கும் ஜிஎஃப்எஃப்யூட்டில்ஸ் ஆகிய இரு நூலகங்களைக் கொண்டு இந்நம்பிக்கையைச் சோதிக்கலாம்.

முதலாவது, எண்முறை. ஜிஎஃப்எஃப்3 ஒன்றிலிருந்து எண்ணுகிறது. தொடக்கம், முடிவு ஆகிய இரு எழுத்துகளும் உட்பட்டவை. பைத்தான் சுழியத்திலிருந்து எண்ணுகிறது, முடிவெண் உட்படாது. பிசிபயோ-ஜிஎஃப்எஃப் இம்மாற்றத்தைத் தானே செய்துவிடும். மேற்கண்ட நெல் மரபணுவின் தொடக்கம் 2983 என்பது 2982 ஆகத் தோன்றும். ஜிஎஃப்எஃப்யூட்டில்ஸ் மூலக்கோப்பின் எண்ணை மாற்றாமல் 2983 என்றே தரும். இரண்டும் தத்தம் நெறியில் சரியானவை. ஒன்றின் எண்ணை மற்றதன் வழக்கில் பயன்படுத்தினால் ஓர் எழுத்து நழுவும். புரதமாகும் பகுதியில் அந்த ஓர் எழுத்து போதும். ‘அவன் மரம் படம்’ என்பதை மெய்யையும் தனியெழுத்தாகக் கொண்டு மும்மூன்றாகப் பிரித்தால் மூன்று சொல் கிடைக்கும். முதல் எழுத்தை விட்டுவிட்டுப் பிரித்தால் ‘வன்ம’, ‘ரம்ப’, ‘டம்’ எனப் பொருளற்ற துண்டுகளே எஞ்சும். மரபணுவில் ஆபத்து இதனினும் மிகுதி. நழுவிய தொடரும் அமினோ அமிலங்களாக மொழிபெயர்க்கப்பட்டு, பார்வைக்கு ஒரு புரதம்போலவே நிற்கும்.

இரண்டாவது, முரண் தீர்த்தல். ஒரே அடையாளம் பல வரிகளில் வருவது ஜிஎஃப்எஃப்3இல் பிழையாகவும் இருக்கலாம்; துண்டுதுண்டாக அமைந்த ஒரே கூறு என்பதைக் காட்டும் முறையான ஆட்சியாகவும் இருக்கலாம். ஜிஎஃப்எஃப்யூட்டில்ஸ் தரவுத்தளத்தை உருவாக்கும்போது இத்தகைய மீள்வரவைக் கண்டால் இயல்பாக நின்று பிழை காட்டும். ஒன்றாக்கு, புதுப்பெயர் இடு, பின்னதை முன்னதற்கு மாற்றாகக் கொள் என்னும் வேறு நெறிகளைத் தேர்வது பயன்படுத்துவோர் கையில் உள்ளது. நின்று கேட்பது நல்ல உரையாசிரியரின் பண்பு. ஐயுற்ற இடத்தை ஐயுற்றதாகவே காட்டுகிறது. பயனர் அந்நிறுத்தத்தை இடையூறாகக் கருதி, எந்த நெறி பிழைச்செய்தியை நீக்குகிறதோ அதனைத் தேர்ந்து மேற்செல்வதே கேடு. அத்தேர்வு பாடத்தேர்வுக்கு நிகரானது. ஆய்வேட்டின் முறையியல் பகுதியில் அது இடம்பெறவேண்டும்.

மூன்றாவது, இல்லாததைச் சேர்த்தல். ஜிடிஎஃப் என்னும் பழைய வடிவில் மரபணுவுக்கும் படியெடுப்புக்கும் தனிவரி இல்லாதபோது, எக்சான்களின் எல்லையைக் கொண்டு அவற்றை ஜிஎஃப்எஃப்யூட்டில்ஸ் ஊகித்து எழுதுகிறது. மூலக்கோப்பில் இல்லாத வரிகள் தரவுத்தளத்தில் தோன்றுகின்றன. இவ்விடத்தில் அந்நூலகம் போற்றத்தக்க ஒரு நெறியைக் கைக்கொள்கிறது. அவ்வரிகளின் இரண்டாம் நெடுவரிசையில், தன்னால் வருவிக்கப்பட்டது என்று தன் பெயரையே எழுதிவிடுகிறது. இடைச்செருகலை இடைச்செருகல் என்று சொல்லிச் செய்யும் நேர்மை இது.

நான்காவது, உரையாசிரியருக்குத் தரும் இடம். பிசிபயோ-ஜிஎஃப்எஃப் கோப்பின் இரண்டாம் நெடுவரிசையை எடுத்து, ஏனைய பண்புகளோடு பண்பாக ஒரே தொகுதியில் வைக்கிறது. செய்தி இழக்கப்படவில்லை; அதன் தனியிடம் இழக்கப்பட்டது. வகை, தொடக்கம், முடிவு, இழை ஆகியன கேட்டவுடன் கிடைக்கின்றன. உரையாசிரியர் பெயரைப் பெறப் பண்புத்தொகுதியைத் திறந்து தேடவேண்டும். எளிதில் கிடைப்பதே பயன்படும், தேடவேண்டியது மறக்கப்படும் என்பது கருவிகளின் பொது இயல்பு. நூலகத்தின் இந்தச் சிறு வடிவமைப்பு முடிவு, கோப்பு வடிவம் அரிதிற் காத்த செய்தியை ஓரத்திற்குத் தள்ளிவிடுகிறது.

7. ஒப்புமையின் எல்லை

உரைமரபையும் மரபணு உரையையும் ஒப்பிடுவதற்கு எல்லை உண்டு. இலக்கிய உரையாசிரியர் ஒரு புலவரின் கருத்தை நாடுகிறார். மரபணுத்தொகுதிக்குப் பின்னால் கருத்துடைய ஆசிரியர் இல்லை. இரு உரைகள் மாறுபடுமிடத்து இலக்கியத்தில் இரண்டும் நிலைபெறலாம். மரபணுவில் ஆய்வகச் சோதனை ஒன்றை வீழ்த்தலாம்.

ஆயினும் சோதனை என்னும் வாய்ப்பு இருப்பதனாலேயே சான்றைக் குறிக்கவேண்டிய கடமை கூடுகிறது. பெரும்பாலான மரபணுக்களின் செயற்பாடு நேரடிச் சோதனையால் அறியப்பட்டதன்று; அறியப்பட்ட வேறொன்றோடு கொண்ட ஒப்புமையால் ஊகிக்கப்பட்டது. ஊகத்தை அடிப்படையாகக் கொண்டு அடுத்த ஊகம் எழும். 2009இல் வெளியான ஓர் ஆய்வு 37 நொதிக் குடும்பங்களை எடுத்துக்கொண்டு பொதுத் தரவுத்தளங்களைச் சோதித்தது. வல்லுநர் கையால் சரிபார்த்த சுவிஸ்-புரோட் தளத்தில் பிழை ஏறத்தாழ இல்லை எனவும், தானியங்கி உரைகள் மிகுந்த தளங்களில் பிழை கணிசமானது எனவும் அது காட்டியது. மரபணுச் செயற்பாட்டுச் சொற்றொகுதியில் ஒவ்வொரு குறிப்புக்கும் சான்றுவகையைக் காட்டும் குறியீடு உண்டு. தானியங்கி முறையால் வந்ததற்கும் சோதனையால் வந்ததற்கும் வெவ்வேறு குறியீடுகள். ‘ஆசிரிய வசனம்’ கேட்ட நன்னூலின் விதி அங்கு நடைமுறையில் உள்ளது. பட்டியலைத் தயாரிக்கும் நிரல் அக்குறியீட்டை வடிகட்டிவிடுமானால் விதி இருந்தும் பயனில்லை.

8. தமிழ்த் தரவகங்களுக்கு எழும் வினா

இத்திறனாய்வு உயிரியல் துறையோடு நிற்பதன்று. தமிழ் நூல்களுக்குச் சொல்வகை, சொற்பிரிப்பு, தொடரமைப்பு ஆகியன குறிக்கப்பட்ட கணினித் தரவகங்கள் உருவாகிவருகின்றன. அவற்றுள் பரவலாக ஆளப்படும் வடிவம் கோநெல்-யூ. அது பத்து நெடுவரிசைகள் கொண்டது: எண், சொல்வடிவம், அடிச்சொல், இருவகைச் சொல்வகைகள், இலக்கணக் கூறுகள், தலைச்சொல், உறவு, கூடுதல் உறவு, பிற. செய்தித்தாள் தமிழைக் கொண்டு அமைந்த 600 தொடர்களின் தொகுப்பு ஒன்று இவ்வடிவில் பன்மொழி மரவங்கியில் இடம்பெற்றுள்ளது.

ஜிஎஃப்எஃப்3இன் ஒன்பது நெடுவரிசைகளோடு இப்பத்தினை ஒப்பிட்டால் ஒரு குறை வெளிப்படும். உரையாசிரியருக்கு இங்கு நெடுவரிசை இல்லை. ஒரு சொல்லைப் பெயரெச்சம் என்று குறித்தவர் யார், எந்த இலக்கணத்தின்படி குறித்தார் என்பதைப் ‘பிற’ என்னும் கடைசிக் களத்தில் வலிந்து சேர்த்தால்தான் உண்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் அடிப்படைத் தலைச்சொல் ஒன்றே. ஆகவே ஒரு தொடரை இருவகையாகப் பிரித்துப் பொருள்கொள்ளும் வாய்ப்பை அருகருகே பதிவதற்கு இயல்பான வழியில்லை. செய்தித்தாள் உரைநடைக்கு இது பெருங்குறையாகத் தோன்றாது. பாடவேறுபாடும் உரைவேறுபாடும் நிறைந்த சங்க நூல்களையும் திருக்குறளையும் இவ்வடிவில் அடைத்தால் என்னாகும் என்பதே வினா. ஒரு பாடம், ஒரு பிரிப்பு, ஒரு பொருள் என்று குறுகிய கோப்பு உருவாகும். நாளடைவில் நிரல்கள் அதனையே ‘சங்கத் தமிழ்’ என்று படிக்கும். அதனின்று கற்கும் மொழிப்பொறிகளும் அவ்வாறே கற்கும். நூற்றாண்டுகளாக உரையாசிரியர்கள் ‘என்பாரும் உளர்’ என்று எழுதிக் காத்த மாற்றுக்கருத்துகள் ஒரு கோப்பு வடிவின் வசதிக்காக நீங்கிவிடும்.

இதனைத் தவிர்க்க மூன்று நெறிகள் போதுமானவை. தரவகத்தின் தலைப்பில் மூலபாடம் எப்பதிப்பு என்பது கட்டாயம் ஆதல் வேண்டும். ஒவ்வொரு குறிப்புக்கும் அதனை எழுதியவர் மனிதரா நிரலா, யார் உரைப்படி என்பதற்குத் தனிக்களம் வேண்டும். மாற்றுப் பிரிப்புகள் ஒன்றுக்கு மேற்பட்டன அருகருகே நிற்க இடம் வேண்டும். இம்மூன்றும் புதியன அல்ல. முதலாவதனை நன்னூல் கேட்டது. ஏனைய இரண்டையும் ஜிஎஃப்எஃப்3 ஏற்கெனவே செயற்படுத்திவிட்டது.

9. முடிவுரை

மரபணுத்தொகுதி உரைக்கோப்பு உரையாசிரியரை மறக்கவில்லை. அவருக்கு இரண்டாம் நெடுவரிசையைத் தந்தது. அது பாடத்தைக் கட்டாயமாக்காமல் விட்டது. நிரல் நூலகங்கள் செய்தியை இழக்கவில்லை. எளிதில் எட்டாத இடத்தில் வைத்தன. சில இடங்களில் தாமே எழுதியதைத் தம் பெயரால் குறித்து முன்மாதிரியாகவும் நின்றன. எனவே மறதியின் பெரும்பங்கு பயன்படுத்தும் முறையையும் கற்பிக்கும் முறையையும் சார்ந்தது. கோப்பைத் திறந்தவுடன் ‘எத்தனை மரபணு’ என்று எண்ணச் செய்யும் பாடத்திட்டம் தொடக்கத்திலேயே உரையை மூலமாகக் காணப் பழக்குகிறது. அதற்கு மாறாக, முதல் பயிற்சியாக இரண்டாம் நெடுவரிசையில் எத்தனை பெயர்கள் உள்ளன என்று எண்ணச் செய்யலாம். நெல்லின் இரு உரைகளையும் ஒருங்கே திறந்து, முதல் மரபணுவின் எல்லை ஏன் வேறுபடுகிறது என்று கேட்கச் செய்யலாம். அக்கேள்வியை எழுப்பக் கூடுதல் கருவி எதுவும் வேண்டியதில்லை. இரண்டு கோப்புகளும், உரை வேறு மூலம் வேறு என்று நெடுங்காலமாகப் பிரித்தறிந்துவந்த தமிழ்க் கல்வியின் பழக்கமும் போதும்.